மணற்கரையும் படகுத்துறையும்

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-இல் வெளிவந்தது. அச்சிறு நாவலைக் காதல் கதையென்றே பலரும் படித்து வருகின்றனர். சாமிதாஸ் வேறொருத்தியை மணந்த பின்னும் அவனை வெறுக்க இயலாத பிலோமியின் உள்ளம் அத்துணை ஆழமாக நம்மைத் தொடுவதால், அப்படிப் படிப்பதில் வியப்பில்லை. எனினும், படகு எங்கே கரை சேர்கிறது என்னும் வினாவே இந்நூலின் அடித்தளம் என்பது என் கருத்து.

களம் மணப்பாடு. 1542-இல் புனித சவேரியாரின் காலடி பட்ட கரை. மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் ஊர். வல்லம் இங்கே மணலில் ஏறும். அதை இழுக்கப் பல கைகள் வேண்டும். நேற்றுச் சண்டையிட்டவனும் இன்று அதே கயிற்றைப் பிடித்தாக வேண்டும். வீட்டுக்கு எட்டிய தூரத்தில் மீன் இறங்க, பெண்கள் கூடையோடு காத்திருப்பர். லாஞ்சுக்கு மணல் உதவாது. ஆழமான நீரும், கட்டி நிறுத்தத் துறையும், அருகே டீசலும் பனிக்கட்டியும் அதற்குத் தேவை. அங்கே மீன் குவியல் குவியலாக ஏலம் போகும். ஏலத்தில் நிற்கக் கைமுதல் வேண்டும். தலைச்சுமையாய் மீன் விற்கும் பெண்ணிடம் அது ஏது?

வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு நகருக்கு வருமாறு மகன் செபஸ்தி வற்புறுத்தும்போது, குரூஸ் மிக்கேல் மறுப்பதை வெறும் கிழப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியுமா? அவர் இழக்க அஞ்சுவது மரத்தை அன்று. அந்தக் கயிற்றைப் பிடிக்கும் கைகளை.

குறையும் உண்டு. லாஞ்சில் பங்குக்குச் செல்லும் கூலியாளும் அதே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவனே. அவன் மனத்துக்குள் ஆசிரியர் போதிய அளவு நுழையவில்லை. பெண்களின் அன்பை எழுதிய அளவுக்கு அவர்தம் வியாபாரத்தையும் எழுதவில்லை. (உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ தந்தபோதுதான் தொழிலின் நுணுக்கங்கள் கடலோர மொழியிலேயே விரிந்தன.) ஆயினும், மோதலை முன்னுணர்ந்த பெருமை வண்ணநிலவனுக்கு உண்டு. கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் நாவலுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1983-இல்தான் வந்தது. அந்த எல்லையைப் பற்றிய வழக்கு இன்றும் நம் பங்குகளில், சில வேளைகளில் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியரிடையே, நடந்துகொண்டுதான் இருக்கிறது.