பரிசலில் இருவர்

பாலக்கோட்டிலிருந்து ஒகேனக்கல் நெடுந்தொலைவன்று. அதனாலேயே அவ்வருவியைப் பற்றிய பயணக் கட்டுரைகளை நாம் ஆவலோடு வாசிக்கிறோம். அவற்றுள் பலவற்றை வாசித்து முடிக்கையில் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. பாறைக்கும் நுரைக்கும் பத்தி பத்தியாக உவமைகள். பரிசலைச் செலுத்தியவருக்கோ பெயருமில்லை. மீனைப் பொரித்துக் கொடுத்த பெண் ‘சுவை’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறார். எண்ணெய் தேய்த்துவிட்டவரிடம் நடத்திய கூலிப் பேரம் நகைச்சுவையாகிறது.

1992இல் வெளியான ‘ரோஜா’ திரைப்படத்தின் பாடற்காட்சி இவ்வருவியைப் பலர் கண்முன் நிறுத்தியது. ஓர் இளம்பெண்ணின் ஆசைகளைப் பாடும் காட்சியில் பரிசலோட்டியின் வாழ்வைத் தேடுவது நியாயமன்று. கண்டதை எழுதுவதாகச் சொல்லும் கட்டுரையாளருக்கோ அந்த விலக்கு இல்லை.

2024 சூலையில் நீர்வரத்து வினாடிக்கு 1 லட்சம் கனஅடியைக் கடந்தபோது பரிசல்கள் நிறுத்தப்பட்டன. பயணிக்கு அது ஏமாற்றம். வேறொரு விடுமுறையில் வரலாம். பரிசலோட்டிக்கு அது கூலியற்ற நாள். ஒரே வெள்ளத்தின் இவ்விரு பொருளையும் உணராத கட்டுரை பாதி உண்மையையே சொல்கிறது.

நம்மையும் நாம் விலக்கிக்கொள்ள இயலாது. பாலக்கோட்டுத் தக்காளியை உண்ணும் நகரத்தார் அதை விளைவித்த உழவரை அறியாதது நமக்கு வலிக்கிறது. அதே நாம், பரிசலிலிருந்து இறங்கும்போது, செலுத்தியவரின் பெயரைக் கேட்டோமா?

கெனசரேத்து ஏரியில் இயேசு ஏறியமர்ந்த படகு சீமோனுடையது என்று லூக்கா மறவாமல் குறித்திருக்கிறார். படகுக்காரருக்குப் பெயருண்டு என்பதை அறிந்த எழுத்து அது. நம் பயண எழுத்துக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.