கதையற்ற நடனமும் திறனாய்வின் கடமையும்

தமிழில் நடனத் திறனாய்வுக்கு ஒரு மரபுண்டு. 1930களில் கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி, கலைநிகழ்வை இதழ் வாசகர் விவாதிக்கும் பொருளாக்கியது. பரதநாட்டியத்தை மதிப்பிட அபிநயம், அடவுத் தூய்மை, தாளக் கட்டுப்பாடு முதலிய அளவுகோல்கள் நிலைபெற்றன. வர்ணம், பதம், தில்லானா என்னும் உருப்படிகளை வாசகரும் அறிந்திருந்தமையால், ‘வர்ணத்தில் அபிநயம் சிறந்தது’ என்ற அளவிலேயே காட்சி அவர் மனத்தில் விரிந்தது.

சந்திரலேகாவின் (1928–2006) படைப்புகள் இவ்வளவுகோல்களுக்குள் அடங்குவதில்லை. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், ‘அங்கிகா’வில் (1985) அடவுகளைக் களரிப்பயிற்றுக்கு அருகே நிறுத்தினார். ‘சரீரா’வில் (2001) கதையில்லை, தலைவன் தலைவி என்னும் பாத்திரங்களும் இல்லை. குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசைக்கு ஒரு பெண்ணுடலும் ஓர் ஆணுடலும் மிக மெதுவாக இயங்குகின்றன. எந்தப் பாடற்பொருளுக்கு எந்த அபிநயம் என்னும் வினா இங்கு எழுவதற்கே இடமில்லை.

இத்தகைய நிகழ்வை எதிர்கொள்ளும் திறனாய்வு இரு எளிய வழிகளை நாடக்கூடும். ஒன்று, நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலுள்ள விளக்கத்தை வழிமொழிதல். மற்றொன்று, ‘மரபு மீறல்’ எனப் புகழ்ந்தோ இகழ்ந்தோ முடித்தல். இரண்டிலும் கருத்து உண்டு. ஆடிய உடல் இல்லை.

முதுகு நிலத்தை எப்போது விட்டது, உடலின் எடை எக்காலில் தங்கியது, மூச்சு அசைவுக்கு முந்தியதா பிந்தியதா என்பனவற்றைப் பதிவுசெய்வதே முதற்கடமை. இது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்கு முன்னரே ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோரின் தகுதிகளையும், ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் கொண்ட அரங்கின் அளவையும் கூறிவிடுகிறது.

விவரிப்பு மட்டுமே திறனாய்வாகாது என மறுக்கலாம். ஆயின், எதைக் குறிப்பது எனத் தேர்வதிலேயே மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. ‘சலிப்பூட்டியது’ என்னும் தீர்ப்பும் ஏற்கத்தக்கதே. எவ்விடத்தில் அசைவு தளர்ந்தது எனக் காட்டினால்தான் வாசகர் அதனோடு வாதிட இயலும்.

நடனம் மேடையோடு முடிந்துவிடுகிறது. காணொளிப் பதிவு இல்லாதவிடத்துப் பின்வரும் ஆய்வாளருக்கு மதிப்புரையே முதன்மைச் சான்று. அதில் உடல் இடம்பெறாவிடின், அவர் ஆராய்வது நடனத்தை அன்று; திறனாய்வாளரின் விருப்புவெறுப்பை மட்டுமே.