ஜனாஸாக் கவிதைகளில் காணாமற்போன தனியாள்

கொவிட் காலத்துக் கட்டாயத் தகனம் பற்றி எழுதப்பட்ட கவிதைகளை அண்மையில் ஒருசேர வாசித்தேன். கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையான நம் கரையோரத்துக் கவிஞர்களும் இதில் நிறையவே எழுதியிருக்கின்றனர். கோபம் உண்மையானது. ஆயினும் அநேகமானவற்றில் ‘நாம்’ மட்டுமே பேசுகிறது. பேரினவாதம் எரித்தது ஒரு சமூகத்தின் மானத்தை என்பதோடு கவிதை நின்றுவிடுகிறது.

எரிக்கப்பட்டவர்களோ தனித்தனி ஆட்கள். 2020 டிசம்பர் 9இல் பொரளையில் தகனம் செய்யப்பட்டது, பிறந்து இருபது நாட்களேயான ஒரு சிசு. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் வழங்குவது ஒவ்வோர் ஆளுக்கும், இனத்துக்கல்ல. சுகாதாரத்தின் பெயரால் மட்டுப்படுத்தக்கூடியவற்றுள் 14ஆம் உறுப்புரையின் உரிமைகள் அடங்கும், 10ஆம் உறுப்புரையின் உரிமைகள் அடங்கா. அடக்கம் செய்வது இவற்றுள் எதில் சேரும்? விசாரித்திருக்க வேண்டிய கேள்வி இது. 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மூவரில் இருவர் எனும் பெரும்பான்மையால், காரணமும் கூறாது, மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த அதே ஒக்டோபரில், 22ஆம் திகதி, 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியபோது நம் கரையோரம் அனுப்பிய உறுப்பினர்களும் அதற்குக் கையுயர்த்தினர். இதைச் சொல்லும் கவிதையை நான் தேடவேண்டியிருந்தது.

பொரளை மையவாடி வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணி பல கவிதைகளில் கபனாக வருகிறது. நல்ல படிமம்தான். ஆனால் அதைக் கட்டியவர்களில் சிங்களவரும் இருந்தனர். அவர்கள் தம் பெரும்பான்மையிலிருந்து விலகி, ஒவ்வொருவராக வந்து முடிச்சிட்டவர்கள். ‘நாம்’, ‘அவர்கள்’ என்றே எழுதிப் பழகிய பேனாவுக்கு அந்த முடிச்சு அகப்படவில்லை.

இதன் மறுபக்கம் நாமே பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் இருக்கிறது. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2012இல் வானொலியில் சொன்ன ஒரு கருத்துக்காக அச்சுறுத்தப்பட்டு நாட்டை விட்டே போக நேர்ந்தது. அக்கருத்தோடு உடன்படாதிருக்க எவருக்கும் உரிமையுண்டு. நானும் அதில் முழுதாக உடன்பட்டவனல்லன். அவரது ‘உம்மத்’ நாவலில் வரும் தவக்குல் எனும் சமூகப் பணியாளரை நெருக்குவதும் வெளியிலிருந்து வந்த பேரினவாதமன்று, அவளது ஊர்தான். கலையாக அந்நாவலில் குறைகள் உண்டு. சில இடங்களில் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஆசிரியரே பேசுகிறார். எனினும் ஜனாஸாக் கவிதைகள் தவறவிட்ட தனியாள் அங்கே நிற்கிறாள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசித்த விமர்சனம் எதனையும் நான் இதுவரை காணவில்லை.