நான்காம் நிலை: சொல்லாமல் விடும் பாதி

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீர். நீரைச் சூடாக்கினால் ஆவி. வாயுவை இன்னும் சூடாக்கினால் பிளாஸ்மா. பருப்பொருளின் நான்காம் நிலையைப் பற்றி எழுதுவோர் பலரும் இந்தப் படிக்கட்டையே காட்டுகின்றனர். இது பொய்யன்று; ஆனால் பாதி உண்மை.

மறு பாதியை நம் நாட்டு அறிஞரே சொல்லிவிட்டார். 1920-ல் சூரிய வளிமண்டலத்தில் அணுக்கள் அயனிகளாவதை ஆராய்ந்த மேகநாத சாகா, வெப்பத்தோடு அழுத்தத்தையும் சேர்த்தே கணக்கிட்டார். ஒரே வெப்பநிலையில், அழுத்தம் குறைந்தால் அயனிகள் பெருகும்.

ஆய்வுக்கூடத்திலோ அடுப்பே வேண்டாம். இரு மின்முனைகள் பொருத்திய கண்ணாடிக் குழாய், வெற்றிடப் பம்பு, அழுத்தமானி, உயர் மின்னழுத்த மூலம், மின்னோட்டம் கட்டுமீறாமல் காக்க ஒரு மின்தடை, கருவி இவ்வளவே. முனைகளுக்கிடையே 1 சென்டிமீட்டர் என்றால், சாதாரணக் காற்றில் பொறி பறக்கச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அழுத்தத்தைப் பாதரச அளவில் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தால் சுமார் 330 வோல்ட்டே போதும்!

காரணம் என்ன? நெருக்கமான வாயுவில் எலெக்ட்ரான் அடிக்கடி மோதி ஆற்றலை இழக்கிறது. அழுத்தம் குறைந்தால் நெடுந்தூரம் ஓடி, வேகம் சேர்த்து, மோதிய அணுவிலிருந்து வேறோர் எலெக்ட்ரானை விடுவிக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது. அழுத்தத்தை மிகவும் குறைத்தாலோ மோத அணுவே அகப்படாது. மின்னழுத்தத்தை மறுபடி கூட்ட வேண்டும். இதை 1889-லேயே ஜெர்மானியர் பாஷென் அளந்து காட்டினார்.

காந்திநகர் அருகே 1989-ல் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’ டோகமாக்கும் இவ்வழியே சென்றது. முதலில் வெற்றிடம், பிறகு சிறிது ஹைட்ரஜன், அதன்பின் மின்புலம். பல லட்சம் டிகிரி வெப்பம் பிளாஸ்மா பிறந்த பிறகே வந்தது.

படிக்கட்டுக் கதையால் என்ன நட்டம்? ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு மாணவன், பிளாஸ்மா சூரியனில் மட்டுமே உண்டென எண்ணிக்கொண்டு பட்டறையைக் கடந்து போவான். உள்ளே வெல்டிங் வில்லில் ஒளிர்வது அதுவே என்பதை அவனுக்கு யார் சொல்வது? தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் இந்த அறியாமை வேண்டாத ஒன்று.

மாணவ நண்பர்களே, உயர் மின்னழுத்தம் உயிர் குடிக்கும். இக்கருவியை ஆசிரியர் துணையின்றித் தொடாதீர்கள். நூலாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் படிக்கட்டின் பக்கத்தில் அந்தக் கண்ணாடிக் குழாயையும் வரையுங்கள்.