போர்ட்டின் விளிம்பு

யமஹா ஆர்எக்ஸ் 100 இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு பிஸ்டன் கிட்டில்தான் தொடங்கும். ஒரிஜினல் எங்கே கிடைத்தது, எத்தனை ஓவர்சைஸ், கனெக்டிங் ராடையும் மாற்றினீர்களா? எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். போர் அடித்து வந்த பிளாக்கில் போர்ட் விளிம்பை யார் தேய்த்தது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. அடையாறிலும் தி.நகரிலும் பலரிடம் கேட்டிருக்கிறேன். "லேத்துல கொடுத்தோம், உள்ளே பளபளன்னு வந்தது, மாட்டிட்டோம்" என்பார்கள். அந்தப் பளபளப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

புல்லட்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுடைய வால்வு மேலே ஹெட்டில் உட்கார்ந்திருக்கிறது. நம் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிளாக்கின் சுவரேதான் வால்வு. சுவரில் வெட்டிய ஜன்னல்களை, அதாவது போர்ட்டுகளை, பிஸ்டன் திறந்து திறந்து மூடுகிறது. 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைச் சக்தி. அந்த வேகத்தில் ஒரு ரிங், எக்ஸாஸ்ட் ஜன்னலை ஒரு நொடிக்கு 250 தடவை கடக்கிறது, ஏறும்போது 125, இறங்கும்போது 125. வெளிப்பக்கம் விரிவதுதான் ரிங்கின் சுபாவம். சுவர் இல்லாத இடத்தில் அது இம்மியளவு வெளியே எட்டிப் பார்க்கும். போரிங் கருவி விட்டுப்போன விளிம்பு கத்தியாக நின்றால் என்ன ஆகும் என்று ரிங் உடைந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த விளிம்பை ரசிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்த போரிங் மேஸ்திரி. பிளாக்கை மட்டும் கொண்டுபோனால் வாங்கவே மாட்டார். "பிஸ்டனைக் கொண்டாங்க சார். எந்தப் பிஸ்டனுக்குன்னு தெரியாம எப்படி அடிக்கிறது?" பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல் பிஸ்டனின் கீழ்ப்பாவாடையை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, அதற்குத் தக்கபடிதான் போர் அடிப்பார். அதன் பிறகு ஹோனிங். கோடுகள் சாய்வாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓட வேண்டும். அவற்றில்தான் ஆயில் தங்கும். ரிங் தன் இடத்தைத் தேடி உட்கார அந்தச் சொரசொரப்பு வேண்டும். வெறும் பளபளப்பில் ரிங் உட்காராது.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அவர் வேலை இங்கேதான் தொடங்கும். பிளாக்கை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஊசி அரத்தை உள்ளே விட்டு, ஒவ்வொரு ஜன்னலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சாய்த்துத் தேய்ப்பார். அரம் போரிலிருந்து ஜன்னலுக்குள் போகுமே தவிர, ஜன்னலிலிருந்து போருக்குள் வராது; வந்தால் சுவரில் கீறல். அரத்துக்குப் பிறகு நைஸ் எமரி. கடைசியில் ஒரு பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி ஜன்னலைச் சுற்றி ஓட்டுவார். ஒரு நூல் சிக்கினாலும் திரும்ப அரம். "நூலைப் பிடிச்சா ரிங்கையும் பிடிக்கும் சார்" என்பார். மயிலாப்பூரில் மிருதங்கத்துக்குக் கரணை போடுகிறவர் ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவாரே, அந்தப் பொறுமையை நான் இரும்பில் பார்த்தது அங்கேதான்.

எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் கலை இருக்கிறது. அரை மில்லிமீட்டரைத் தொட்டால் போதும். அதைத் தாண்டினால் எக்ஸாஸ்ட் சீக்கிரமே திறந்துகொள்ளும், கீழ் வேகத்தில் இழுவை போய்விடும். டூ-ஸ்ட்ரோக்கில் ஜன்னலின் உயரம்தான் இன்ஜினின் குணம். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்தது இந்த ஜன்னல்களையும் சைலன்சர் குழாயையும்தான். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பி ஓடி, அந்த வித்தையோடு சுஸுகியில் சேர்ந்தார். மறு வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போகும் அளவுக்கு மதிப்புள்ள விஷயத்தை இன்று ஒரு லேத் பட்டறைப் பையன் டிரில் பிட்டில் அரை நிமிஷத்தில் கிளறி விடுகிறான்.

போர்ட்டிங் செய்து, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டிக்கொண்டு ஈசிஆரில் பறக்கிற இளைஞர்களோடு எனக்குப் பகை கிடையாது. ஆனால் லஸ் சிக்னலில் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போகும்போது இருமல் இல்லாத இன்ஜின்தான் எனக்கு அழகு. யமஹா கொடுத்த போர்ட் அளவிலேயே அது கிடைக்கிறது. டேங்குக்கு குரோம், ஸ்டிக்கர், டயர் என்று செலவழித்துவிட்டு உள்ளே டூப்ளிகேட் பிளாக் மாட்டுகிறவர்களோடுதான் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. எஸ்டியின் அந்த இரட்டைச் சைலன்சர் முழக்கத்தை விரும்புகிறவர்களைப் புரிந்துகொள்கிறேன்; மைசூர் ஜாவா தொழிற்சாலைக்கு வணக்கம். ஆயில் பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலப்பவர்களை மட்டும் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகும் அளவுக்கு ஆயில் அனுப்புகிற அவ்வளவு நுட்பமான பம்ப்பை, காற்றுக் குமிழியை எடுத்துவிடச் சோம்பல்பட்டுத் தூக்கிப் போடுவது பெரிய அநியாயம்.

மற்ற வேலைகளை ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே செய்துகொள்ளலாம். கிராங்க் சீல் இரண்டையும் யோசிக்காமல் மாற்ற வேண்டும். மேக்னெட் பக்கம் போனால் காற்று இழுத்து ஐடிலிங் ஆடும், பிஸ்டன் சீஸ் ஆகும். கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும். சர்க்ளிப் மாட்டும்போது கிராங்க்கேஸ் வாயில் துணி அடைத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு கிளிப் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. பிஸ்டன் தலையின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங்கின் வாய் பின்னில் சரியாக உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிளாக்கை இறக்க வேண்டும். கிராங்க்கைப் பிரித்து ராட் மாற்றுவதையும் போர் அடிப்பதையும் மட்டும் வெளியே கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும்தான் இன்று ஆள் இல்லை.

அண்மையில் ஒரு பட்டறையில் கொடுத்த பிளாக் மாலைக்குள் திரும்பி வந்தது. வேட்டித் துணியை விட்டேன். எக்ஸாஸ்ட் ஜன்னலின் மேல் விளிம்பில் கொத்தாக நூல். கேட்டதற்கு, "ஓடி ஓடி அதுவே சரியாயிடும் சார்." ரன்-இன் என்பது அரைகுறை வேலையைப் பூசி மெழுகும் சடங்கு ஆகிவிட்டது. விடியற்காலையில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை பாதித் திருகலில் போய்வந்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்த காலம் எனக்கு மறக்கவில்லை. அன்று இன்ஜினோடு பழகுவதற்காக ஓட்டினோம்.

இத்தனைக்கும் இது பிஸ்டன் தெரிந்த ஊர். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பாடியில் லூகாஸ் டிவிஎஸ் என்று கைத்திறன் வளர்ந்த பட்டணம். புதுப்பேட்டையில் ஒரு பழைய பிளாக்கைத் தட்டிப் பார்த்தே லைனர் தளர்ந்ததா என்று சொல்லும் காதுகள் இன்னும் இருக்கின்றன. 1985இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100 1996இல் நின்றுபோனதில் எனக்குக் கோபம் இல்லை. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியே நழுவுவது டூ-ஸ்ட்ரோக்கின் பிறவிக் குறை. புகை விதிகள் வந்தது நியாயம். அதனாலேயே மிச்சமிருக்கும் வண்டிகள் ஒழுங்காகச் சேர்க்கப்பட வேண்டும். தேய்ந்த ரிங்கும் ஒழுகும் சீலும் அந்தப் புகையை இன்னும் கூட்டும்.

கால் கால் மில்லியாகப் போரைப் பெரிதாக்கிக்கொண்டே போய் 51 மில்லிமீட்டரை எட்டினால், ஆர்சி புத்தகத்தில் 98 சிசி என்று இருக்கும் இன்ஜின் 102 ஆகியிருக்கும். அந்தப் பயணத்தில் ஒவ்வொரு முறையும் விளிம்பு புதிதாகப் பிறக்கிறது, புதிதாகத் தேய்க்கப்பட வேண்டியிருக்கிறது. மேஸ்திரி அதற்குத் தனிக் கூலி வாங்கியதே இல்லை. நாமும் கொடுத்ததில்லை. பில்லில் ஏறாத வேலையை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளவும் இல்லை. இனி பிளாக் கொடுக்கும்போது போரிங், ஹோனிங், விளிம்பு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள், மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். வாங்கும்போது பையில் ஒரு பழைய வேட்டித் துணி இருக்கட்டும்.