கோட்டை வாயிலில் ஒரு பலகை

நாமக்கல் மலைக்கோட்டைக்கும் சங்ககிரி துர்க்கத்துக்கும் செல்வோரை முதலில் எதிர்கொள்வது இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்பு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சிதைப்போர்க்குத் தண்டனை உண்டு என்பதே அதன் சாரம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தண்டனையை ஈராண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை உயர்த்தியது. காவலுக்கு இது வேண்டுவதே. காக்கப்படுவது யாது என்பதை மட்டும் அது உரைப்பதில்லை.

படிப்பினையை அரபியில் 'இப்ரத்' என்பர். ஆற்றைக் கடத்தலைக் குறிக்கும் வேரிலிருந்தே அச்சொல் பிறந்தது. கண்டதிலிருந்து காணாததற்குக் கடத்தல் எனக் கொள்ளலாம். இப்னு கல்தூன் (1332–1406) தம் வரலாற்றுப் பெருநூலுக்குக் 'கிதாபுல் இபர்' எனப் பெயரிட்டதும் இக்கருத்திலே போலும். விளக்கப் பலகையின் பணியும் அத்தகைய கடத்தலே.

நாமக்கல்லில் இருப்பது ஒரே பாறை. மேற்கே நரசிம்மர் குடைவரை, கிழக்கே அரங்கநாதர் குடைவரை. இரண்டும் அதியர் காலத்தவை எனக் கருதப்படுபவை. உச்சியிலுள்ள கோட்டைக்குள் பெருமாள் கோயிலும் முஸ்லிம்களின் வழிபாட்டிடமும் உள்ளன. கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்பது ஒரு வழக்கு. மைசூர் அதிகாரி லட்சுமிநரசய்யா என்பது மற்றொன்று. 1768இல் ஆங்கிலேயர் கைப்பற்ற, ஹைதர் அலி மீட்டார். மக்கள் வழக்கிலோ அது திப்பு சுல்தான் கோட்டை. நம்மவருள் சிலர் இப்பெயர் ஒன்றே போதுமென மகிழ்கின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஹதீஸை ஏற்காத மரபினர் நாம். கட்டியவர் பற்றிய இரு வழக்குகளையும் 'என்பர்' என்ற சொல்லோடு எழுதுவதே பலகைக்கும் முறை.

சங்ககிரியில் இத்தேவை இன்னும் கூர்மையானது. திப்புவின் ஆட்சியிலிருந்த இக்கோட்டை, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் கம்பெனியின் வசமாயிற்று. திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் தோழரின் கோட்டையாக இருந்த இடத்திலேயே அவர் உயிர் போயிற்று! ஆடிப்பெருக்கன்று சின்னமலையை நினைவுகூர வருவோரும், மலைமேல் உள்ள பள்ளிவாசலை நாடி வருவோரும் ஏறுவது ஒரே படிகளில்தான். ஒருவர் வரலாறு மற்றவருக்கும் உரியது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? தமிழில் நான்கே வரிகள் போதும். ஏறுவோர் மூச்சு வாங்க நிற்கும் வாயிலருகே, கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ, பழங்கல்லில் ஆணி அறையாமல், தனிக்கால் நட்டு அவற்றை நிறுத்தலாம்.