ஆரணங்கின் கையில் ஏடு

வான வெளியிலே மிதந்து வருகிறாள் ஓர் ஆரணங்கு. வெண்ணிற ஆடை, நெற்றியிலே விண்மீன், ஒரு கையில் பள்ளிப் புத்தகம், மறு கையில் தந்திக் கம்பி. அவளுக்குப் பின்னே, ஒளி படர்ந்த கிழக்கிலே, புகைவண்டிகள், கப்பல்கள், ஏர் பிடித்த உழவர்கள். அவளுக்கு முன்னே, இருள் மண்டிய மேற்கிலே, காட்டெருமைகள் அஞ்சி ஓடுகின்றன. அவற்றோடு அஞ்சி ஓடுகிறார்கள், அம்மண்ணின் தொல்குடி மக்கள்!

1872-இல் ஜான் காஸ்ட் தீட்டிய 'அமெரிக்க முன்னேற்றம்' எனும் ஓவியம் இது. ஒரு முழ அகலங்கூட இல்லாத சிறு படம். மேற்கே செல்லும் பயணிகளுக்கு வழிகாட்டி நூல்கள் வெளியிட்டுவந்த ஜார்ஜ் குரோபட் என்பார் இதனை வரையச் செய்தார். வண்ண அச்சுப் படிகளாக்கிப் பரப்பினார். வணிகர் வேண்டினார், ஓவியர் வரைந்தார், வந்து தோன்றினாள் தேவி!

ஓவியரின் கைத்திறனில் குறை காண்பதற்கில்லை. அவர் காட்டும் கதை மெய்யா என்பதே நம் கேள்வி.

மாந்தர் யாவரும் சமம் என்று 1776-இல் முழங்கிப் பிறந்த குடியரசு அது. 1803-இல் லூசியானாப் பரப்பைப் பிரான்சிடம் விலைக்கு வாங்கிற்று; அங்கு வாழ்ந்த தொல்குடியினரைக் கேட்டாரில்லை. 1845-இல் டெக்சாசை இணைத்துக்கொண்டது. அவ்வாண்டிலேதான் ஜான் ஓசலிவன் என்ற இதழாசிரியர், கண்டம் முழுதும் பரவுதல் தம் மக்களுக்கு இறைவன் வகுத்த வெளிப்படையான ஊழ் என்று எழுதினார். மறு ஆண்டே மெக்சிகோவின்மீது போர்! 1848-இல் உடன்படிக்கை. டெக்சாசையும் சேர்த்தெண்ணினால், மெக்சிகோ இழந்தது தன் நிலத்தில் பாதிக்கும் மேல்.

ஊழே நிலத்தைக் கொண்டுவந்து சேர்க்குமானால் பீரங்கி எதற்கு? இறைவனே பட்டயம் எழுதித் தந்திருந்தால், அந்த உடன்படிக்கையின்படி மெக்சிகோவுக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தது எதற்கு? பறித்தவன் நெஞ்சு உறுத்தும்போது, பழியைச் சுமக்க ஒரு தெய்வம் தேவைப்படுகிறது. மணிமுடி வேண்டாம் என்ற குடியரசு, மன்னர்கள் கையாண்ட அதே தெய்வ உரிமையை மக்களின் பெயரால் மீண்டும் எடுத்துக்கொண்டது.

அந்த ஏட்டைப் பாருங்கள், தோழர்களே! அறிவொளி தாங்கி வருகிறாளாம், அறியாமை ஓடுகிறதாம். செரோக்கி மக்களின் வரலாறு வேறு சொல்கிறது. செக்வோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்கு எழுத்து வகுத்துத் தந்தார். 1827-இல் அம்மக்கள் அரசியல் சட்டம் இயற்றினர். 1828-இல் தம் எழுத்திலேயே செய்தித்தாள் நடத்தினர். அந்த அச்சுப் பொறியை 1835-இல் கைப்பற்றியது யார்? ஜார்ஜிய மாநிலத்துக் காவற்படை! அம்மாநிலச் சட்டம் செரோக்கியர் நிலத்தில் செல்லாது என 1832-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் 1838-இல் படை கொண்டு அவர்களை மேற்கே துரத்தினர். வழியிலும் முகாமிலும் மாண்டோர் ஏறத்தாழ நாலாயிரவர் என்பர். ஏடு கையிலிருந்தும் அவர்களுக்கு இடமில்லை. வேண்டப்பட்டது அவர்தம் அறிவு அன்று, நிலம்!

படத்தில் இல்லாதோரையும் எண்ணுங்கள். புகைவண்டி ஓடுகிறது, மலை குடைந்து அப்பாதை அமைத்த சீனத் தொழிலாளரைக் காணோம். 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வரத் தடைச் சட்டமே வந்தது. பருத்தி விளைவித்த கறுப்பின மக்களும் இல்லை.

"புகைவண்டியும் பள்ளியும் வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் புகைவண்டிக்கு நிலக்கரி போதும். இன்னொருவன் வீடு எரிய வேண்டியதில்லை. அந்நாட்டிலேயே இதை உணர்ந்தோர் உண்டு. அடிமை முறையையும் மெக்சிகோப் போரையும் வெறுத்த தோரோ, வரி கொடுக்க மறுத்து 1846-இல் ஓரிரவு சிறையிலிருந்தார். நாட்டுப்பற்று அவரிடமும் இருந்தது. அது கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

எந்த நாட்டிலும், நாட்டைத் தேவியாக்கி வானில் மிதக்கவிட்ட படத்தைக் கண்டால், முகத்தழகில் மயங்காதீர். அவள் நிழல் யார் நிலத்தின்மேல் விழுகிறது என்று கேளுங்கள்.